பெரிய வேலைக்கு விலை சொல்வது எப்படி? புல்வெட்டும் தொழிலில் கற்ற பாடம்



கோவையில் நாற்பது ஆண்டுகளாக விவசாயக் கருவிகளையும் தோட்டக் கருவிகளையும் மொத்த விற்பனை செய்து வருகிறோம். ஒரு காலத்தில் மண்வெட்டி, கதிர் அரிவாள், தெளிப்பான் என்றிருந்த கடையில் இன்று பாதி இடத்தைப் புல்வெட்டும் எந்திரங்களும் அவற்றின் உதிரி பாகங்களும் பிடித்துக்கொண்டன. கல்லூரிகள், ஆலைகள், மருத்துவமனைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் எல்லாம் புல்தரை போடத் தொடங்கிய பிறகு, ஒரு பிரஷ் கட்டரும் ஒரு மொபெட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள்தான் எங்கள் கடையின் முக்கிய வாடிக்கையாளர்கள்.

புல்வெட்டும் எந்திரத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. 1830இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நிற்கும் பிசிறை வெட்டிச் சமப்படுத்தும் எந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது. ஆலை எந்திரத்தில் பிறந்த கருவி ஆலை நகரத்தில் விற்பனையாவது நியாயம்தானே!

இங்கே நாங்கள் எழுத வந்தது எந்திரத்தைப் பற்றி அல்ல. சின்ன வேலை செய்து கொண்டிருந்த ஒருவர் பெரிய வேலைக்கு விலை சொல்லி அகப்பட்டுக்கொண்ட கதையையும், அதில் எங்கள் பணம் எப்படிச் சிக்கியது என்பதையும் நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தோம். பெயிண்டு வியாபாரிக்குப் பெயிண்டர்கள், மின்சாமான் வியாபாரிக்கு வயர்மேன்கள், ஹார்டுவேர் வியாபாரிக்குக் கட்டட மேஸ்திரிகள் என்று நம் ஒவ்வொருவர் பேரேட்டிலும் இப்படிப்பட்ட பற்று வரவு இருக்கத்தான் செய்கிறது.

தம்பி போட்ட கணக்கு

அந்தத் தம்பி எங்களிடம் மூன்று ஆண்டுகளாகப் பொருள் வாங்கி வந்தார். வீட்டுத் தோட்டங்கள்தான் அவருடைய வேலை. 5 சென்ட் தோட்டம் ஒன்றைச் சீர் செய்து கொடுத்தால் 400 ரூபாய். நாணயமானவர். சனிக்கிழமை தோறும் பாக்கியைக் கட்டிவிடுவார்.

2022 மே மாதம் ஒரு நாள் ஓடி வந்தார். ஒரு கல்லூரியில் புல்வெளிப் பராமரிப்புக்கு விலைப்புள்ளி கேட்டிருக்கிறார்கள் என்றார். வளாகத்தை அளந்து பார்த்ததில் புல் இருக்கும் இடம் நாலரை ஏக்கர். அதாவது 450 சென்ட். 5 சென்டுக்கு 400 ரூபாய் என்றால் 450 சென்டுக்கு 36,000 ரூபாய். “பெரிய வேலையாச்சுங்களே ஐயா, பாதி போட்டாத்தான் கிடைக்கும்” என்று சொல்லி, மாதம் 18,000 ரூபாய் என்று எழுதி வைத்திருந்தார்.

நாங்கள் என்ன சொன்னோம்? “தைரியமா எடுங்க தம்பி, மெஷினுக்கு நாங்க இருக்கோம்” என்றோம். இரண்டு லான் மூவர்களையும் உதிரி பாகங்களையும் கடனில் கொடுத்தோம். கணக்கை ஒரு முறை கூடக் கேட்கவில்லை. இரண்டு எந்திரம் விற்ற மகிழ்ச்சி எங்கள் கண்ணை மறைத்துவிட்டது. அதை ஒப்புக்கொள்வதில் எங்களுக்கு வெட்கமில்லை.

ஜூனில் வேலை தொடங்கியது. டிசம்பர் முடிவில் தம்பி கடைக்கு வந்து எதிரில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். மனைவியின் நகை அடகுக் கடையில் இருந்தது. கல்லூரியில் மூன்று மாதப் பில் 54,000 ரூபாய் நிலுவை. எங்கள் பேரேட்டில் அவர் பெயரில் 1,12,000 ரூபாய் பாக்கி. அன்று மாலை கடையைச் சாத்திய பிறகு, ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து கணக்குப் போட்டோம். முதலில் போட்டிருக்க வேண்டிய கணக்கு அது.

ஒரு வெட்டுக்கு உண்மையில் என்ன அடக்கம்?

கூலியும் வாடகையும் ஊருக்கு ஊர் மாறும். கீழே உள்ள தொகைகள் அன்று நாங்கள் எழுதிப் பார்த்தவை. வாசகர்கள் தங்கள் ஊர்த் தொகையைப் போட்டுக்கொள்ள வேண்டும். போடும் முறைதான் முக்கியம்.

முதலில் நேரம். 21 அங்குல மூவர் ஒரு நடையில் ஒன்றேமுக்கால் அடி அகலம் வெட்டும். வெயிலில் தள்ளிக்கொண்டு மணிக்கு 3 கிலோமீட்டர் நடக்கலாம் என்று வைத்தால், அது சுமார் 9,840 அடி. பெருக்கினால் மணிக்கு 17,220 சதுர அடி. ஆனால் ஒரு நடையின் மேல் அடுத்த நடை சற்று ஏறித்தான் வர வேண்டும். ஓரத்தில் திருப்ப வேண்டும். புல் பையைக் கொட்ட வேண்டும். எனவே 100க்கு 70 தான் கணக்கில் எடுக்கலாம். மணிக்கு 12,000 சதுர அடி.

நாலரை ஏக்கரில் மூன்றரை ஏக்கர்தான் மூவர் ஓடக்கூடிய திறந்தவெளி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி என்ற கணக்கில் அது ஒன்றரை லட்சம் சதுர அடிக்குச் சற்று மேல், 12.7 மணி நேரம். மீதி ஓர் ஏக்கர் மரத்தடி, பெஞ்சு ஓரம், நடைபாதை விளிம்பு. அங்கே பிரஷ் கட்டர்தான். மணிக்கு 3,000 சதுர அடிக்கு மேல் ஓடாது. அதற்கு 14.5 மணி. மூன்றரை ஏக்கரை விட ஒரு ஏக்கருக்கு அதிக நேரம் ஆகிறது என்பதைக் கவனியுங்கள். ஏக்கரை மட்டும் எண்ணி விலை சொல்பவர் ஏமாறும் இடம் இதுதான். எத்தனை ஏக்கர் என்பதோடு எத்தனை மரம், எத்தனை ஓரம், எவ்வளவு சரிவு என்றும் எண்ண வேண்டும்.

ஆக மொத்தம் 27 எந்திர மணி. எட்டு மணி வேலைக்கு வரும் ஆள், பெட்ரோல் ஊற்றி, பிளேடு தீட்டி, நைலான் கயிறு மாற்றி, தேநீர் குடித்தது போக எந்திரம் ஓட்டுவது ஆறு மணி. எனவே ஐந்து ஆள் கூலி.

இனித் தொகை:

எந்திரம் ஓட்டும் ஆள் 5, தலைக்கு 900 வீதம் 4,500 ரூபாய்.
வாரிக் கூட்டும் ஆள் 4, தலைக்கு 700 வீதம் 2,800 ரூபாய்.
பெட்ரோல் 22 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் வீதமும், எண்ணெய் 300 ரூபாயும் சேர்த்து 2,500 ரூபாய்.
எந்திரத் தேய்மானம், பிளேடு, கயிறு, பழுது, மணிக்கு 60 வீதம் 1,620 ரூபாய்.
எந்திரமும் ஆட்களும் போய்வர மூன்று நாள் வண்டி வாடகை 1,200 ரூபாய்.
வெட்டிய புல்லை வெளியேற்ற இரண்டு நடை 1,600 ரூபாய்.
மேற்பார்வைக்குத் தம்பியின் சொந்தக் கூலி 1,500 ரூபாய்.

கூட்டினால் 15,720 ரூபாய். தொலைபேசி, வட்டி, எந்திரம் நின்றுபோகும் நாள், கணக்கு எழுதும் செலவு என்று பத்து சதவீதம் சேர்த்தால் 17,292. அதன் மேல் பதினைந்து சதவீத லாபம் 2,594. ஆக ஏறக்குறைய 20,000 ரூபாய். சதுர அடிக்குப் பத்துப் பைசா வருகிறது. வீட்டுத் தோட்டத்துக்கு அவர் வாங்கியது சதுர அடிக்குப் பதினெட்டுப் பைசா.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. அடக்கத்தின் மேல் 15 சதவீதம் வைத்தால் விற்பனை விலையில் லாபம் 13 சதவீதம்தான். விலையிலேயே 15 வேண்டுமானால் அடக்கத்தை 0.85ஆல் வகுக்க வேண்டும்; 20,344 வரும். நம்மில் பலரே இதில் தடுமாறுகிறோம்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் நாங்களே வியந்தோம். தம்பி வீட்டு விலையைப் பாதியாக்கியது பெரிய தவறே அல்ல. பெரிய இடத்தில் வண்டி ஏற்றி இறக்கும் நேரம் மிச்சம், எந்திரம் நிற்காமல் ஓடும், ஆகவே விலை குறையத்தான் வேண்டும். அவர் சொன்ன 18,000 ரூபாயில் ஒரு வெட்டின் அடக்கம் வந்துவிடுகிறது. பிறகு எங்கே முழுகினார்?

ஒரே சொல்லில் வந்த நஷ்டம்

“மாதம்” என்ற சொல்லில்தான் முழுகினார். “வெட்டு ஒன்றுக்கு 18,000” என்று எழுதவில்லை. “மாதம் 18,000” என்று எழுதினார். கல்லூரி ஆணையில் “புல் எப்போதும் ஒழுங்காக இருக்கும்படி பராமரிக்க வேண்டும்” என்று இருந்தது. அவர் போய்ப் பார்த்தது மே மாதம். புல் காய்ந்து கிடந்தது. மாதம் ஒரு தடவை போதும் என்று நினைத்துவிட்டார்.

மழை விழுந்தால் புல் கேட்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் இரண்டு வெட்டு, வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர், நவம்பர் மூன்று மூன்று, டிசம்பரில் இரண்டு. ஏழு மாதத்தில் 16 வெட்டு. தம்பியின் சொந்தக் கூலியையும் பத்து சதவீதத்தையும் விட்டுவிட்டாலும் வெட்டுக்கு 14,220 வீதம் செலவு 2,27,520 ரூபாய். ஏழு மாத வரவு 1,26,000. தன் உழைப்புக்கு ஒரு பைசா வைக்காமலே 1,01,520 ரூபாய் நஷ்டம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இங்கே உழக்கே கடன் ஆகிவிட்டது.

வெட்டைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கவும் முடியாது. ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பது புல்தரை வளர்ப்பில் பொது விதி. மேலே வெட்டினால் புல் வெளிறிக் கருகும். வளரவிட்டு வெட்டினால் எந்திரம் திணறும், நேரம் இரட்டிப்பாகும், வாரும் புல்லும் வண்டி வண்டியாகச் சேரும்.

எழுதித் தர வேண்டியவை

அன்றைய கணக்கிலிருந்து விலைப்புள்ளியில் இருக்க வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டோம்.

ஒன்று, விலை வெட்டு ஒன்றுக்கு. ஆண்டுக்குக் குறைந்தது இத்தனை வெட்டு, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இதே விலை. மாதத் தொகையாகத்தான் வேண்டும் என்று நிறுவனம் கேட்டால், ஆண்டு வெட்டுகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். இந்தக் கல்லூரிக்கு ஆண்டில் 22 வெட்டு என்றால் 4,40,000 ரூபாய், மாதம் 36,667. அதிலும் மழைக்காலத்தில் செலவு முந்தும், வரவு பிந்தும். கையில் பணம் இருந்தால்தான் அந்த முறை ஒத்து வரும்.

இரண்டு, முதல் வெட்டுக்குத் தனி விலை. மாதக்கணக்கில் கவனிக்காமல் கிடந்த முழங்கால் உயரப் புல்லை வெட்டிச் சீராக்குவது வேறு வேலை.

மூன்று, வாரிய புல்லை எங்கே போடுவது? வளாகத்துக்குள்ளேயே உரக்குழி இருந்தால் 1,600 ரூபாய் மிச்சம். அதை விலையில் குறைத்துக் காட்டலாம். போட்டியில் விலையைக் குறைக்க வேண்டுமானால் இப்படி வேலையைக் குறைத்துக் குறைக்க வேண்டும். அடக்கத்தை மறந்து குறைக்கக் கூடாது.

நான்கு, கல்லும் கண்ணாடியும். பிரஷ் கட்டர் கல்லைச் சுண்டி எறியும். நிறுத்தி வைத்த காரின் கண்ணாடி ஒன்று உடைந்தால் பல வெட்டுகளின் லாபம் போய்விடும். வெட்டும் நாளில் வண்டிகளை அப்புறப்படுத்துவது நிறுவனத்தின் பொறுப்பு, தண்ணீர்க் குழாய் முனைகளுக்கு அடையாளக் கொடி நடுவதும் அவர்கள் பொறுப்பு என்று எழுத வேண்டும். ஆளுக்குக் கண் கண்ணாடியும் கால் கவசமும் கொடுப்பது நம் பொறுப்பு.

ஐந்து, ஜி.எஸ்.டி. தனி என்று எழுத வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். இந்த வேலைக்கு வரி 18 சதவீதம். “எல்லாம் உட்பட 20,000” என்று எழுதிவிட்டு, பெரிய வேலை ஒன்று வந்து எல்லையைத் தாண்டினால் அந்த 20,000 ரூபாயில் 3,051 வரிக்குப் போய்விடும். நம் லாபமே 2,594 தான். மீதியைக் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும்.

ஆறு, பெரிய நிறுவனங்கள் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். கட்டிய ரசீது கேட்பதுண்டு. முதலாளி பங்கு ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், பி.எஃப்.புக்கு 12 சதவீதம். ஆள் கூலி 7,300 ரூபாய்க்கு இதுவே 1,113 ரூபாய். கேட்பார்களா என்று முதலிலேயே விசாரித்து அடக்கத்தில் சேர்க்க வேண்டும். ஒப்பந்தப் பில்லில் தனிநபருக்கு 1 சதவீதம் வருமான வரி பிடிப்பார்கள். அது நஷ்டமல்ல, கணக்குத் தாக்கல் செய்து சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் கையில் வரும் தொகை குறையும்.

கடன் கொடுத்தது யார்?

மழை மாதத்தில் மூன்று வெட்டுக்கு 42,660 ரூபாய் செலவாகிறது. பில் இரண்டு மாதம் கழித்து வந்தால் 85,000 ரூபாய்க்கு மேல் கையிலிருந்து போட்டிருக்க வேண்டும். தம்பி கையில் அவ்வளவு ஏது? ஆளுக்கு அன்றன்று கூலி கொடுத்தாக வேண்டும். பெட்ரோல் பங்கில் கடன் கிடையாது. மிச்சம் நிறுத்தி வைக்கக்கூடியது எங்கள் கடைப் பாக்கி ஒன்றுதான். ஆக, அந்தக் கல்லூரியின் புல்லை வெட்ட வட்டியில்லாக் கடன் கொடுத்தது நாங்கள்! அன்றைக்குத்தான் இது எங்களுக்கு உறைத்தது.

இதில் சட்டத்தின் உதவியும் உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. புல்வெட்டுவது சேவைத் தொழில் ஆகையால் தம்பி போன்றவர்களுக்கு இது பொருந்தும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். தம்பி செய்திருக்கவில்லை. மூன்று மாதப் பாக்கி நடையாய் நடந்த பிறகு வந்து சேர்ந்தது.

நம் போன்ற மொத்த, சில்லறை வணிகர்களையும் 2021 ஜூலையில் இந்தப் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான். 45 நாள் பாதுகாப்பு நமக்குக் கிடையாது. நம் பாக்கியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு நடந்தது

எந்திரங்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லித் தம்பி கேட்டார். நாங்கள் மறுத்துவிட்டோம். எந்திரம் போனால் பிழைப்பும் போகும், பாக்கியும் போகும். கல்லூரி வேலையை ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து முறையாக விட்டார். அடுத்த கல்வியாண்டுக்கு அதே கல்லூரி விலைப்புள்ளி கேட்டபோது வெட்டுக்கு 20,000, குறைந்தது 20 வெட்டு என்று எழுதிக் கொடுத்தார். கிடைக்கவில்லை. மாதம் 16,000 ரூபாய்க்கு வேறொருவர் எடுத்துக்கொண்டார். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. “போன வருசம் நீங்க எடுத்த நஷ்டத்தை இந்த வருசம் அவர் எடுத்திருக்கார், விடுங்க” என்றோம். ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. கணக்குத் தாள் எதிரிலேயே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு குடியிருப்புச் சங்கத்தில் இரண்டு ஏக்கர் வேலைக்கு வெட்டுக் கணக்கில் விலை சொன்னார். ஏன் இந்த விலை என்று அவர்கள் கேட்டபோது தாளைக் காட்டி விளக்கினார். வேலை கிடைத்தது. எங்கள் பாக்கியை 2023 ஜூனிலிருந்து மாதம் 4,000 வீதம் கட்டத் தொடங்கினார். ஒரு மாதம் கூடத் தவறவில்லை. 28ஆவது தவணை 2025 செப்டம்பரில் முடிந்தது. அந்த ஆண்டு ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்த மூவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, பொரி கடலைப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். நகையை மீட்டாயிற்றா என்று கேட்டோம். “பாதி மீட்டாச்சுங்க ஐயா” என்றார்.

28 மாதம் முடங்கிய 1,12,000 ரூபாய்க்கு வட்டிக் கணக்கு நாங்கள் போடவில்லை. கணக்கைக் கேட்காமல் “தைரியமா எடுங்க” என்று சொன்ன வாய்க்கு அது அபராதம் என்று வைத்துக்கொண்டோம். இப்போது கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பெரிய வேலை என்று சொல்லிக் கடன் கேட்டு யார் வந்தாலும், முதலில் அடக்கக் கணக்குத் தாளைக் காட்டச் சொல்கிறோம். போடத் தெரியாவிட்டால் கூட உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறோம். சிலர் தாளைப் பார்த்துவிட்டு வேலையே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். அன்றைக்கு ஓர் எந்திரம் விற்காமல் போகிறது. போகட்டும். பேரேட்டில் வாராக்கடனாக நிற்பதை விட, எந்திரம் அலமாரியில் நிற்பது மேல்.

நண்பர்களும் தங்கள் கடையில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு தாளும் அரை மணி நேரமும்தான் செலவு.